சதுர ஓட்டை

மஞ்சள்தூளை அள்ளி அள்ளி வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை.

"சாவாத. சாவாத கண்ணு. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சாவாத..."

வெரோனிகாவின் உள்ளங்கைக்குள் பத்து நாள் குஞ்சு ஒன்று கால்களை உதைத்தது. உச்சந்தலையிலிருந்து கிளம்பிய ரத்தம் அவள் மணிக்கட்டில் இறங்கி, நைட்டியின் கையை நனைத்து, முழங்கையிலிருந்து சமையலறைத் தரையில் சொட்டியது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் இவ்வளவு ரத்தமா? குஞ்சு ஒரு தடவை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து துவண்டு அவள் கட்டைவிரலின் மேல் சாய்ந்தது.

ஜன்னல் கம்பியில் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி நாலு நிமிடம்.

ஆறாவது குஞ்சு. ஆறு நாளில் ஆறாவது. ஆறுமே மூன்று மணிக்கு.

நேரமில்லை. நாத்தனார் சூசைமேரி எந்த நிமிடமும் வந்துவிடுவாள். வெரோனிகா பின்கதவைத் திறந்து ஓடி, குளியலறைக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் கொட்டாங்கச்சியால் குழி பறித்தாள். மழை ஈரத்தில் மண் வெண்ணெயாக வந்தது. குஞ்சைக் கவிழ்த்துப் போட்டு மண்ணைத் தள்ளினாள். அதன் தலையில் இருந்த ஓட்டையை மட்டும் பார்க்கவில்லை. ஆறு குஞ்சுகளுக்கும் அப்படித்தான். மஞ்சளை அப்பி மூடி, கண்ணைத் திருப்பிக்கொண்டேதான் புதைத்தாள்.

கை கழுவும்போது அந்த வாசனை மறுபடியும் வந்தது. கோவில் சாம்பிராணியைப் போல ஆரம்பித்து, தொண்டைக்குள் போனதும் எண்ணெய்ப் பிசுக்காகக் கசக்கும் வாசனை. குங்கிலியம். எண்ணெயில் காய்ச்சிப் படகுப் பலகைகளின் இடுக்கில் பூசுகிற குங்கிலியம். மூன்று வருடமாக இந்த வீட்டில் யாரும் அதைக் காய்ச்சவில்லை.

அவள் கணவன் லூர்துபிரகாஷ் குருசுக்குப்பத்தில் படகுத் தச்சன். ஃபைபர் போட்டுகள் வந்து தொழிலைத் தின்றபிறகும் பழைய மரப் படகுகளுக்கு அவன்தான் வைத்தியன். தொழில் அது, பைத்தியம் வேறு. சண்டைச் சேவல். சேவலின் காலில் கத்தி கட்டி மோதவிடுவான். கத்தியின் கூர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நகத்தில் உரசிப் பார்ப்பார்கள் மற்றவர்கள். லூர்து, வெரோனிகாவின் முன்னங்கையில் பார்ப்பான். இடது கையில் ஏழு கோடுகள் இன்னும் வெள்ளையாக இருக்கின்றன.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் சாராயத்தைக் குடித்துவிட்டுக் குப்புறப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மூளை நரம்பு வெடித்திருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் டாக்டர். சேவல்களைச் சொந்தக்காரர்கள் பிடித்துப் போனார்கள். வெரோனிகா நைட்டியின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முதல் முறையாக மத்தியானத்தில் தூங்கினாள்.

எல்லாம் செப்டம்பர் வரைக்கும்தான். காலாப்பட்டில் ஒருவரிடம் லூர்துவின் சேவல் வம்சம் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அவன் அக்காள் சூசைமேரி பஸ் ஏறிப் போய்ப் பதினெட்டு முட்டைகளை மடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"எந் தம்பி ரத்தம். பொரிச்சு வளத்துக் காட்டு. அவனப் பாக்கத்தான் துப்பு இல்லாம உட்ட. இதயாவது காப்பாத்து."

வீடு சூசைமேரியின் பெயரில் இருந்தது. வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பிரெஞ்சு மதாமுக்கு முப்பது வருடம் சமைத்துப்போட்டுக் கட்டிய வீடு. வெரோனிகாவுக்குப் போக வேறு இடம் இல்லை.

*

"மோன் தியூ! கல்லறைல இன்னா கூட்டம், இன்னா கூட்டம்!" சூசைமேரி குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தாள். கல்லறைத் திருநாள். விரல்களில் மெழுகு காய்ந்திருந்தது. "பூவெல்லாம் மழைல போச்சு. எத்தினி இருக்குது?"

"என்னா அண்ணி?"

"குஞ்சு."

வெரோனிகா பதில் சொல்வதற்குள் அவள் பக்கத்து அறைக்குள் போய்விட்டாள். லூர்து தன் கையால் செய்த தேக்குப் பெட்டி அங்கே இருந்தது. அதில்தான் பல்பு மாட்டி முட்டைகளைப் பொரிக்க வைத்தது. அதிலேயேதான் குஞ்சுகளும் வளர்ந்தன. உள்ளே உமி பரப்பியிருந்தது. பொரித்தவை பதினைந்து.

"ஒம்போது," என்றது சூசைமேரியின் குரல். "காலைல பத்து."

"எலி வந்து..."

"வல கட்டிக் கெடக்குது, பசை அட்ட வச்சுக் கெடக்குது, எங்கிருந்துடி எலி வரும்? ஏரோப்ளேன்லயா?" சூசைமேரி வாசலில் வந்து நின்றாள். "நான் மூணு மணி ஜெபத்துக்கு உக்காருற நேரம் பாத்து ஒண்ணொண்ணா போவுது. அவம் மேல இருந்த ஆத்திரத்த அதுங்க மேல தீக்கறியா நீ?"

"சத்தியமா இல்ல அண்ணி."

"அடக்கத்தன்னிக்கி, கடசியா அவன் தலய வாரி உடுறேன்னு கேட்டேன். அதுக்குக்கூட என்னைக் கிட்ட உடல. நான் சீவுறேன், நான் சீவுறேன்னு சீப்பப் புடுங்கிக்கினு... மறப்பேனாடி அத?"

வெரோனிகா தரையைப் பார்த்தாள். அங்கே துடைக்காமல் விட்ட ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. காலை நகர்த்தி அதை மூடினாள்.

"நாளைக்கிக் கோவிந்தராச வரச் சொல்லியிருக்கேன். அவுரு பாப்பாரு. அப்பறமும் ஒண்ணு செத்துது, துணிமணிய எடுத்துக்கினு கெளம்பிடு." சூசைமேரி மெழுகைச் சுரண்டினாள். பிறகு, குரல் இறங்கி, "அவன் கல்லறை சிமெண்ட்ல ஒரு ஓட்ட உழுந்துருக்குதுடி. தலமாட்டுல. வெரல் போற அளவு. உட்டுப் பாத்தேன்... அடியே தட்டுப்படல," என்றாள்.

*

கோவிந்தராசு கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் மழைக்கோட்டோடு வந்து, கோட்டைக் கழற்றாமலே பெட்டிக்குமுன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பல்புக்குக் கீழ கூட்டமா ஒண்டுதா?"

"இல்லீங்க. பரவலா படுத்துக்குது."

"அப்பச் சூடு சரி. தண்ணி?"

"காய்ச்சி ஆற வச்சது. மொத நாள் வெல்லத் தண்ணி. லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டும் ஏழாம் நாள் உட்டாச்சு."

ஒரு குஞ்சை எடுத்து வாலைத் தூக்கிப் பார்த்தார். "பின்பக்கம் அடைப்பு இல்ல. கால் கோணல. தொப்புளும் காஞ்சிருக்குது. எம்மா, உம் புள்ளைங்க எல்லாம் ராசா கணக்கா இருக்குது. வெள்ள பல்பு போட்டா சிலது ஒண்ண ஒண்ணு கொத்திக்கும். ரத்தத்தப் பாத்துச்சுன்னா வெறி புடிச்சுரும். செவப்பு பல்பு மாத்து, ரத்தம் கண்ணுக்குத் தெரியாது." சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு பல்பை எடுத்து அவரே மாட்டினார். அறை முழுக்கச் சிவந்தது. "செத்ததக் காட்டு."

"பொதச்சிட்டேங்க."

"தோண்டி எடு," என்றாள் சூசைமேரி.

வெரோனிகா சுவரோரம் ஒதுங்கினாள். சூசைமேரியே போய்ப் பப்பாளி மரத்தடியைக் கிளறி, நேற்றையதைக் காலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி கொண்டுவந்தாள். கோவிந்தராசு தண்ணீர் ஊற்றி மஞ்சளைக் கழுவினார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்துத் தலையில் விட்டார். குச்சி தாடைக்குக் கீழே எட்டிப் பார்த்தது.

"அலகால கொத்துனா சதை கிழியும். எலி கடிச்சாலும் கிழியும். இது கிழியல." குச்சியை உருவினார். "எறங்கியிருக்குது. மேலருந்து நேரா. அடிச்சு எறக்குன மாதிரி."

மழை ஓட்டின் மேல் சடசடத்தது.

"இன்னொண்ணு. ஓட்ட வட்டமா இல்ல. நாலு மூல இருக்குது பாரு. சதுரம்."

"சதுரமா?" சூசைமேரி தன் ஆட்காட்டி விரலைத் திருப்பிப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் சிமெண்ட் தூள் இருந்தது. "அங்கயும் சதுரம்தான்," என்றாள் மெல்ல.

கோவிந்தராசுவுக்குப் புரியவில்லை. கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். போகும்போது வெரோனிகாவின் முகத்தைப் பார்க்காமல், "நோயின்னா மருந்து குடுப்பேன். இது கை. யாரு கையின்னு நீங்கதான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

பின்சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பக்கத்து வீட்டு அன்னக்கிளி. பாகூர்ப் பக்கத்துக்காரி. ஹோட்டலில் துணி துவைக்கும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அந்த ஆணிய எடுத்துட்டியா?"

வெரோனிகாவின் கையிலிருந்த சொம்பு நழுவியது.

மறந்தே போயிருந்தாள். இல்லை, மறக்கப் பார்த்திருந்தாள். முட்டை வைத்த அன்று இடி இடித்துக்கொண்டிருந்தது. இடிச் சத்தத்தில் முட்டை கூமுட்டை ஆகிவிடும் என்று அன்னக்கிளிதான் சுவரேறிக் குதித்து வந்து, ஒரு கரித்துண்டு, ஒரு காய்ந்த மிளகாய், ஒரு இரும்பு மூன்றையும் பெட்டியின் மூலையில் உமிக்கடியில் வைத்தாள். இரும்புக்கு, கடையில் வாங்கிய புத்தம்புது ஒன்றரை அங்குல ஆணி. வெள்ளி மாதிரி மின்னியது. சூசைமேரி அது அஞ்ஞானிகள் பழக்கம் என்று முணுமுணுத்து, தன் பங்குக்கு மந்திரித்த குருத்தோலை ஒன்றைச் செருகினாள்.

"பொரிஞ்ச அன்னிக்கே எடுத்து வெளிய போடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா! காவலுக்கு வச்ச இரும்பு, வேல முடிஞ்சப்பறம் உள்ள கெடக்கக் கூடாது. அது வேற எதையாச்சும் இஸ்துக்கும்."

"நீயே வந்து எடுத்துரு அன்னக்கிளி. நான்... என்னால ஆணியத் தொட முடியாது."

"தேளா அது? கொட்டிருமா?" அன்னக்கிளி சிரித்தாள். பிறகு வெரோனிகாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "சரி, ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. சாயங்காலம் வந்து எடுக்குறேன்."

சாயங்காலம்.

மூன்று மணி அதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

*

இரண்டே முக்காலுக்கு சூசைமேரி அறைக்கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் அடைத்தாள். பெட்டியின் இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி.

"உக்காரு. கைய மடியில வை. எனக்குத் தெரியற மாதிரி."

வெரோனிகா உட்கார்ந்தாள். கதவு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சிவப்பு வெளிச்சம் கீழேயிருந்து மேலே அடித்ததால் சூசைமேரியின் கண்குழிகள் கறுத்து, தாடை மட்டும் எரிவது போலத் தெரிந்தது. பெட்டிக்குள் ஒன்பது குஞ்சுகளும் உமியைச் சீய்த்துக்கொண்டு, கீச்சிட்டுக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவை ஒவ்வொரு தடவை மூலைப் பக்கம் சீய்த்தபோதும் வெரோனிகா முக்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினாள். சூசைமேரியின் செல்போனில் இரக்கத்தின் ஜெபமாலை ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை. உள்ளே உமிச் சூடு, கோழி எச்சம், நனைந்த சேலை. அதற்கடியில், மெல்ல, எங்கோ அடுப்பு மூட்டியது போல...

"சாம்பிராணி போட்டியா?" என்றாள் சூசைமேரி.

"இல்ல அண்ணி."

"வாசன வருதே."

குங்கிலியம்.

குஞ்சுகள் நின்றன. கீச்சொலி கத்தரித்தாற்போல அறுந்தது. ஒன்பது தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. வெரோனிகாவைப் பார்த்தன. இல்லை. அவளுக்குப் பின்னால்.

சூசைமேரி செல்போனை அணைத்தாள்.

மூன்று மணி.

டொக்.

ஈர மரத்தில் ஆணி இறங்கும் சத்தம்.

பல்புக்கு நேர்கீழே நின்ற குஞ்சு அப்படியே உட்கார்ந்தது. தலையிலிருந்து கறுப்பாக ஏதோ குமிழிட்டது. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் தெரியவில்லை. பளபளப்பு மட்டும்தான் தெரிந்தது.

"யேசுவே..."

டொக்.

இரண்டு. ஒரே சமயத்தில். ஒன்று உதைத்துக்கொண்டு பெட்டிச் சுவரில் மோதியது.

டொக். டொக். டொக்.

குஞ்சுகள் சிதறி ஓடின. மூலைக்கு ஓடின. வலையில் ஏறின. எங்கே ஓடினாலும் அங்கே அடி விழுந்தது. மண்டை நொறுங்கும் சத்தம் முட்டை ஓடு நொறுங்குவது போலவே இருந்தது. சூடான துளிகள் தெறித்து வெரோனிகாவின் உதட்டில் விழுந்தன. உப்பு. ஒரு குஞ்சு வலையைத் தாண்டிக் குதித்து அவள் மடியில் விழுந்து, முழங்கைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டது. அதை மூடிக்கொண்டாள். இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

டொக்.

உள்ளங்கைக்குள் அது அடங்கியது. கைகளைத் திறந்தாள். தலையில் நாலு மூலைகள்.

அமைதி.

பெட்டிக்குள் எதுவும் அசையவில்லை.

சூசைமேரி மூச்சு வாங்கினாள். "நீ இல்ல," என்றாள். குரல் உடைந்திருந்தது. "உங் கையத்தான் பாத்துக்கினே இருந்தேன். நீ இல்லடி வெரோ." அழுதாள். அழுதுகொண்டே பெட்டிக்குள் கைவிட்டு, செத்தவற்றை ஒதுக்கினாள். "அந்த அஞ்ஞானி வச்ச ஆணிதான். அதத் தூக்கி எறிஞ்சாத்தான்..."

"வேணாம் அண்ணி. தொடாதீங்க."

உமியைக் கிளறினாள். கரித்துண்டு வந்தது. மிளகாய் வந்தது. ஒன்றரை அங்குல ஆணி, வெள்ளி மாதிரி, துருப்பிடிக்காமல் வந்தது. அதைத் தரையில் வீசினாள். கை மறுபடியும் உமிக்குள் போனது. நின்றது.

"இன்னொண்ணு இருக்குது."

இழுத்தாள்.

நான்கு அங்குலம். நாலு பட்டை. தட்டையான கொண்டை. துரு ஏறி, ஈரமாக, களிமண் அப்பி. அதன் கழுத்தில் கறுப்பும் நரையுமாக நான்கைந்து முடிகள் சுற்றியிருந்தன. முடியில் காய்ந்த தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு.

"இது படகாணி," என்றாள் சூசைமேரி. தச்சன் மகள். தெரியாமல் இருக்குமா? "எங்கப்பா அடிச்சு வச்சுட்டுப் போனது. லூர்து இதத்தான் வச்சிருப்பான். இது எங்கிருந்துடி வந்துச்சு?"

வெரோனிகா மடியிலிருந்த குஞ்சைத் தரையில் வைத்தாள்.

சூசைமேரி ஆணியைப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள். அந்த முடிகளைப் பார்த்தாள். தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தாள். பெட்டிக்குள் கிடந்த தலைகளைப் பார்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெரோனிகாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சீப்ப ஏன்டி புடுங்குன?"

தாழ்ப்பாள் அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் வெரோனிகாவின் முதுகுக்குப் பின்னால் ஈரக்கால் ஒன்று தரையில் ஊன்றிய சத்தம் கேட்டது. சாராயமும் மண்ணும் குங்கிலியமும் கலந்த மூச்சு அவள் பிடரியில் பட்டது.

சூசைமேரியின் பார்வை மெல்ல மேலே ஏறியது. வெரோனிகாவின் தலைக்கு மேலே. இன்னும் மேலே. அவள் வாய் திறந்தது.

"லூர்து..."

வெரோனிகா பெட்டி விளிம்பைப் பார்த்தாள்.

ஆணி அங்கே இல்லை.

வகிட்டில், மண்டை எலும்புகள் சேரும் அதே இடத்தில், ஏதோ ஒன்று சில்லென்று நின்றது. மெல்ல ஒரு தட்டு. ஆணி நிற்கிறதா என்று பார்க்கும் தட்டு. அவளுக்குத் தெரியும். முதல் அடி நிறுத்த. இரண்டாவது இறக்க. மூன்றாவது கொண்டையைச் சமமாக்க. அதற்குமேல் முடியை இழுத்துவிட்டு எண்ணெய் தடவிச் சீவினால் யாருக்கும் தெரியாது. அன்றும் மூன்று மணி. அவன் குப்புறத்தான் படுத்திருந்தான்.

அந்த ஆணியை அவள் பிடுங்கவே இல்லை. அதோடுதான் அவனைப் புதைத்தார்கள்.